கிமெலின் கால் எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற சனிக்கிழமை உங்கள் நாளிதழோடு வந்த சிறுவர் இணைப்பில் 'யூதர்களின் புனிதப் பம்பரம்' என்று கால் பக்கத்துக்கு ஒரு கட்டுரை இருந்தது. எங்கள் வீட்டில் அதை முதலில் பார்த்தவன் தங்கை மகன், ஏழாம் வகுப்பு. "பெரியம்மா, உங்க பம்பரம் பேப்பர்ல வந்திருக்கு" என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

சந்தோஷமாகத்தான் கையில் வாங்கினேன். மேசைமேல் நாலைந்து டிரெய்டல்கள், அதாவது அந்தப் பம்பரங்கள், சிதறிக் கிடக்கிற படம். பார்த்ததுமே ஏதோ உறுத்தியது. படம் இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது. அதில் உள்ள கிமெல் என்ற எபிரேய எழுத்தின் கால் தப்பான பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் எபிரேயம் தெரிந்தவர் இருக்க நியாயமில்லை, அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் படத்துக்குக் கீழே உள்ள வரியும் தப்பு, கட்டுரை நடுவில் வரலாறு என்று சொல்லியிருக்கிற கதையும் தப்பு, தலைப்பில் 'புனித' என்பதும் தப்பு. கடிதம் நீண்டுபோனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2012 அக்டோபரிலிருந்து ஐந்து வருடத்துக்கு மேல் நான் இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் நிறையப் பேர் போகிற வேலைதான். அங்கே 'மெத்தாபெலெத்' என்பார்கள். குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சமைத்து, ராத்திரி ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்கவேண்டும். பொதுவாக 63 மாதம்தான் அனுமதி. அந்த 63 மாதமும் எனக்கு ஒரே வீடு, ஒரே பாட்டி. ஹதார் என்ற பழைய பகுதியில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது.

பாட்டியின் பெயரை எழுத அவர் வீட்டாரிடம் கேட்கவில்லை. நான் கூப்பிட்டது 'சவ்தா' என்று. எபிரேயத்தில் பாட்டி என்று அர்த்தம். அவர் என்னை 'மாமலே' என்பார். அது இத்திஷ், அதாவது ஐரோப்பிய யூதர்கள் வீட்டில் பேசிய, ஜெர்மனுக்கு நெருங்கிய மொழி. சின்ன அம்மா என்று பொருள். நாம் பெண் பிள்ளைகளை 'வாம்மா, இரும்மா' என்பதில்லையா, அதேதான். முதல் வாரம் வீட்டு நினைப்பில் அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

சவ்தா ருமேனியாவில் யாஷி என்ற ஊரில் பிறந்தவர். 1950இல் கொன்ஸ்தான்சா துறைமுகத்தில் டிரான்சில்வேனியா என்ற கப்பலில் ஏறி ஹைஃபாவில் இறங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. கோட்டுப் பையில் ஒரு ஈய டிரெய்டல். ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் இருக்கும், கையில் எடுத்தால் நினைத்ததைவிடக் கனக்கும். அவருடைய அண்ணன் வார்த்தது. மரக்கட்டையை இரண்டு பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, எழுத்துகளைச் செதுக்கி, இரண்டையும் சேர்த்துக் கட்டி, அடுப்பில் உருக்கிய ஈயத்தை ஊற்றவேண்டும். அந்தக் காலத்தில் அங்கே பையன்களெல்லாம் அப்படித்தான் செய்வார்களாம். (ஈயம் பிள்ளைகளுக்கு விஷம் என்று இன்று எல்லாருக்கும் தெரியும். யாரும் செய்துபார்க்க வேண்டாம்.)

அச்சில் எழுத்தைத் திருப்பிச் செதுக்கினால்தான் வார்த்தபிறகு நேராக வரும். அண்ணன் மூன்று எழுத்தைச் சரியாகத் திருப்பிவிட்டு, கிமெலில் மட்டும் மறந்துவிட்டார். அதனால் சவ்தாவின் டிரெய்டலில் கிமெலின் கால் வலது பக்கம் போகும், உங்கள் படத்தில் இருப்பதுபோலவே. நான் எபிரேய எழுத்துப் படித்ததே அந்தத் தப்புக் கிமெலை வைத்துத்தான், அதனால்தான் உங்கள் படம் உடனே கண்ணில் பட்டது. 1941இல் யாஷியில் யூதர்களுக்கு நடந்த படுகொலையைப் பற்றி சவ்தா என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. அண்ணனைப் பற்றிக் கேட்டால் டிரெய்டலைத் திருப்பி அந்த எழுத்தைக் காட்டுவார், அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது சாட்டை சுற்றி விடுகிற நம் பம்பரம் இல்லை. நான்கு முகம், மேலே ஒரு காம்பு. இரண்டு விரலால் திருகி விடவேண்டும். விழுந்ததும் மேலே தெரிகிற எழுத்துதான் கணக்கு. எல்லாரும் ஆளுக்கொன்று நடுவில் வைத்துவிட்டு ஆரம்பிப்பார்கள். நூன் விழுந்தால் ஒன்றுமில்லை. கிமெல் என்றால் நடுவில் இருப்பது முழுக்க உங்களுக்கு; உடனே எல்லாரும் மறுபடி ஒவ்வொன்று வைக்கவேண்டும். ஹே என்றால் பாதி. ஷின் என்றால் உங்கள் கையிலிருந்து ஒன்று போடவேண்டும். ஹேயில் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்று கூடுதலாக எடுக்கலாம் என்பது சவ்தாவின் சட்டம், அவர் முறை வரும்போது மட்டும்.

கடையில் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் காசு விற்பார்கள், பெரும்பாலான வீடுகளில் அதை வைத்துத்தான் ஆட்டம். சவ்தாவுக்குச் சர்க்கரை. சாக்லேட்டை மேசையில் பரப்பிவிட்டு 'தொடக்கூடாது' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என்னிடம் ஊரிலிருந்து கொண்டுபோன கொட்டைப்புளி இருந்தது. கொட்டையை எடுத்துக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தேன். ஐந்து வருடமும் புளியங்கொட்டைதான் எங்களுக்குக் காசு. அந்த வழவழப்பு சவ்தாவுக்கு ரொம்பப் பிடிக்கும், தோற்றால்கூட இரண்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருப்பார்.

சரி, உங்கள் படத்தின் கீழே உள்ள வரி. 'நான்கு முகங்களிலும் உள்ள எழுத்துகள், அங்கே ஒரு பெரிய அற்புதம் நடந்தது என்னும் எபிரேய வாக்கியத்தின் முதலெழுத்துகள்' என்று போட்டிருக்கிறீர்கள். நெஸ் கடோல் ஹாயா ஷாம். நூன், கிமெல், ஹே, ஷின். வாக்கியம் சரிதான். ஆனால் படத்தில் இருக்கிற டிரெய்டல்களில் ஷின் இல்லையே! ஷின் மூன்று கிளையாக, சூலம்போல் இருக்கும். உங்கள் படத்தில் இருப்பது பே. திறந்த வாய்க்குள் நாக்கு சுருண்டிருப்பதுபோல இருக்கும், அந்த எழுத்தின் பெயருக்கே வாய் என்றுதான் அர்த்தம். இஸ்ரேலில் விற்கிற டிரெய்டலில் மட்டும்தான் பே வரும். 'ஷாம்' என்றால் அங்கே, 'போ' என்றால் இங்கே. ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம் நடந்ததாகச் சொல்லும் எருசலேம் கோயில் அந்த நாட்டிலேயே இருந்ததால், அங்கே இருப்பவர்கள் 'இங்கே நடந்தது' என்று மாற்றிக்கொண்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற யூதர்களுக்கு இன்றும் ஷின்தான்.

இந்த ஒரு எழுத்துக்காக, டிரெய்டல் ஆடுகிற எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்கா ஒவ்வொன்றுக்கும் அந்த வீட்டில் ஒரு சண்டை நடக்கும். பேரப்பிள்ளைகள் பள்ளியில் கொடுத்த பிளாஸ்டிக் டிரெய்டலைக் கொண்டுவருவார்கள், அதில் பே. சவ்தா தொடமாட்டார். "ஷின்னுக்கு 'ஷ்டெல்' இருக்கிறது. உங்கள் பேவுக்கு என்ன இருக்கிறது?" என்பார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் விளக்கினார். அவர்கள் ஊரில் யாரும் ஆடும்போது அற்புத வாக்கியத்தை நினைப்பதில்லையாம். நூன் என்றால் 'நிஷ்ட்', ஒன்றுமில்லை. கிமெல் 'கான்ட்ஸ்', முழுக்க. ஹே 'ஹால்ப்', பாதி. ஷின் 'ஷ்டெல் அரைன்', உள்ளே போடு. எல்லாம் இத்திஷ் சொற்கள். அதாவது அந்த நான்கு எழுத்தும் ஆட்டத்தின் விதிகள். யாராவது ஷின் போட்டால் சவ்தா மேசையில் தட்டி "ஷ்டெல்!" என்று கத்துவார், எண்பது வயதுக் குரல் தெருவுக்குக் கேட்கும். பே விழுந்தாலும் ஒன்று போடத்தான் வேண்டும். ஆனால் கத்துவதற்கு இத்திஷில் சொல் இல்லை.

உங்கள் கட்டுரையில் உள்ள பெரிய தப்பு இங்கேதான் பிடிபடுகிறது. 'கிரேக்க மன்னன் வேதம் படிக்கத் தடை போட்டபோது, யூதச் சிறுவர்கள் ரகசியமாகப் படித்தார்கள். சிப்பாய்கள் வந்தால் பம்பரத்தை எடுத்துச் சுழற்றி ஏமாற்றினார்கள். இப்படி 2,000 ஆண்டுகளுக்கு முன் இது பிறந்தது' என்று வரலாறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கதையை அங்கேயும் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் இது பிற்காலத்தில் கட்டிச் சேர்த்தது என்பதுதான் அறிஞர்களின் முடிவு. இதேபோல நான்கு முகச் சூதாட்டப் பம்பரம் ஐரோப்பா முழுக்க இருந்தது. ஆங்கிலேயர்கள் 'டீடோட்டம்' என்றார்கள். அதில் முதலில் லத்தீன் எழுத்துகள், பின்னால் ஆங்கில எழுத்துகள். 'எல்லாம் எடு, பாதி, போடு, ஒன்றுமில்லை', விதி அப்படியே. ஜெர்மன்காரர்கள் தங்கள் சொற்களின் முதலெழுத்தைப் போட்டு ஆடினார்கள். அதைப் பார்த்து யூதர்கள் தங்கள் எழுத்தில் செய்துகொண்டார்கள். அந்த நான்கு எழுத்துக்கும் பொருந்துகிற மாதிரி அற்புத வாக்கியத்தைக் கோத்தது அதற்கும் பிறகுதான். பேவுக்குச் சொல் இல்லை என்று சவ்தா கத்தியதைவிட இதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பெயரே அதைத்தான் சொல்கிறது. டிரெய்டல், சுற்றுவது என்ற பொருளில் வரும் இத்திஷ் சொல். எபிரேயத்தில் 'செவிவோன்' என்பார்கள், அதுவும் சுற்றுவதுதான், ஆனால் அது புதுச் சொல். எபிரேயத்தைப் பேச்சுமொழியாக மீட்டெடுத்த எலியேசர் பென் யெஹூதாவின் மகன் இத்தமார் சின்னப் பையனாக இருக்கும்போது உண்டாக்கிய சொல் என்று அங்கே சொல்வார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒருநாள் பஸ்ஸில் நானும் என் தோழியும் மலையாளம் பேசிக்கொண்டிருந்தபோது முன் இருக்கையிலிருந்து ஒரு வயதான அம்மா திரும்பி, சுத்தமான மலையாளத்தில் "நாட்டில் எங்கே?" என்றார். கொச்சி யூதர், ஐம்பதுகளில் குடும்பத்தோடு வந்தவர். எங்கள் குமரி மாவட்டத்துக்காரிக்கு மலையாளம் பாதித் தாய்மொழி, விடுவேனா? இறங்கும்வரை பேச்சுதான். ஹனுக்காவுக்கு டிரெய்டல் ஆடுவீர்களா என்று கேட்டேன். "நாட்டில் பித்தளை விளக்கில் எண்ணெய் ஊற்றித் திரி போடுவோம். இதெல்லாம் இங்கே வந்தபிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது" என்றார். கிரேக்கர் காலத்திலேயே எருசலேமில் பிறந்த விளையாட்டு என்றால் கொச்சிக்கும் வந்திருக்கவேண்டாமா?

நான் கத்தோலிக்கர். எங்கள் பைபிளில் மக்கபேயர் நூல்கள் உண்டு. புரோட்டஸ்டண்ட் சபைகளின் பைபிளில் பெரும்பாலும் இருக்காது. முதல் நூல் நான்காம் அதிகாரத்தில் இந்த விழாவின் தொடக்கம் இருக்கிறது. அந்தியோக்கு மன்னன் தீட்டுப்படுத்திய கோயிலை யூதா மக்கபேயும் சகோதரர்களும் மீட்டு, புதுப் பலிபீடம் கட்டி, யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள் அர்ப்பணித்து எட்டு நாள் கொண்டாடினார்கள். கி.மு. 164. அந்த அதிகாரத்தில் பம்பரம் இல்லை. ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்த அற்புதம்கூட இல்லை, அது பின்னால் தல்மூது என்ற யூத மத நூலில் வருவது. இயேசு சாலமோன் மண்டபத்தில் குளிர்காலத்தில் நடந்துகொண்டிருந்ததாக யோவான் நற்செய்தி சொல்வதும் இந்த விழா நாளில்தான். இதை சவ்தாவிடம் சொன்னபோது, "பார்த்தாயா, அவரும் விளக்கேற்ற வந்திருக்கிறார்" என்றார்.

'புனித' என்ற சொல்லுக்கு வருகிறேன். ஹனுக்காவில் கடமை என்பது விளக்கு. ஒன்பது கிளை விளக்கில் முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் இரண்டு என்று எட்டு வரை; பற்றவைக்க ஒரு தனி மெழுகுவத்தி. மொத்தம் 44, கடையில் பெட்டியே 44 கொண்டதாகத்தான் வரும். ஆசி சொல்வது, பாடுவது எல்லாம் விளக்கோடு சரி. டிரெய்டலுக்கு ஜெபம் கிடையாது, சட்டம் கிடையாது. கீழே போட்டால் யாரும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளமாட்டார்கள். ஆனால் ஒரு வழக்கம் உண்டு: மெழுகுவத்தி எரிகிற முதல் அரைமணி நேரம் பெண்கள் வீட்டு வேலை செய்யக்கூடாது. சவ்தா அதை எனக்கும் சேர்த்துவிட்டார். நான் பாத்திரத்தைத் தொட்டால் "மாமலே, உட்கார்" என்று அதட்டுவார். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கிறவளுக்கு அரைமணி நேரம்! அந்த அரைமணி நேரத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை, அதனால் டிரெய்டல். இந்த விளையாட்டு எதற்கு என்று என்னைக் கேட்டால் அதற்குத்தான் என்பேன்.

2016இல் முதல் விளக்கு டிசம்பர் 24 அன்று வந்தது. கிறிஸ்துமஸ் இரவு. அதுவும் சனிக்கிழமை, ஓய்வுநாள் முடிந்து நட்சத்திரம் தெரிந்தபிறகுதான் நெருப்பைத் தொடலாம். எனக்கு ஸ்டெல்லா மாரிஸ் கோயிலில் நள்ளிரவுப் பூசைக்குப் போகவேண்டும், கார்மெல் மலைமேல் இருக்கிறது. சவ்தாவுடன் இரவு இருக்க மூத்த பேரன் வந்திருந்தான், ஹைஃபாவில் உள்ள டெக்னியான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறவன், கூட அவன் தங்கையும். நான்கு பேர் ஆட உட்கார்ந்தோம்.

பேரன் ஆரம்பித்தான்: "இது நியாயமான ஆட்டமே இல்லை தெரியுமா?" ஃபைனர்மன் என்ற கணிதக்காரர் 1976லேயே கணக்குப் போட்டுவிட்டாராம். நாலு பேர் ஆடினால் முதல் சுற்றில் முதலில் சுழற்றுகிறவருக்குச் சராசரியாக ஒன்றேகால் காய் வரும். இரண்டாமவருக்கு 1.16, மூன்றாமவருக்கு 1.10, நாலாமவருக்கு 1.06. ஆரம்பத்தில் நடுவில் இருப்பது மட்டும் நாலு, போகப்போகச் சராசரி அதைவிடக் குறைந்துவிடுவதால் அப்படி. காகிதத்தில் எழுதிக் காட்டினான். எனக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு ஞாபகம் இருந்ததால் பின்னத்தைப் பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. அதிகப் பேர் ஆடினால் முதல் ஆளுக்கு லாபம் இன்னும் கூடும். "இரண்டு பேர் ஆடினால்?" என்றேன். எழுதிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இரண்டு பேர் என்றால் சரிசமம், ஆளுக்கு அரைக் காய், யார் முதலில் சுழற்றினாலும்.

மற்ற எல்லா நாளும் நானும் சவ்தாவும் மட்டும்தான் ஆடுவோம்.

அன்றைக்கு சவ்தாதான் முதலில் சுழற்றினார், வயதுக்கு மரியாதை. ஈய டிரெய்டல் மேசை விளிம்பு வரை ஊர்ந்துபோய்ச் சரிந்தது. தேய்ந்துபோன எழுத்து. பேரன் குனிந்து பார்த்து "நூன்" என்றான். நூனுக்குக் கீழே ஒரு கால் முளைத்தால் கிமெல். கால் தேய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சவ்தா விரலால் தடவினார். "எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்றார். "வலது பக்கம்." "அப்படியானால் இது என் அண்ணன் போட்ட கிமெல்." மேசையில் இருந்த நாலு புளியங்கொட்டையையும் வாரிக்கொண்டார். யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. அந்தப் பழைய தப்பால் அந்த எழுத்தை மட்டும் யாரும் நூன் என்று சொல்லமுடியாது.

அனுமதி முடிந்து நான் ஊருக்கு வந்தபோது பேத்தி அவளுடைய பிளாஸ்டிக் டிரெய்டலைக் கொடுத்தாள், நீல நிறம். அதில் இருப்பது பே. தக்கலையில் அதைச் சுழற்றினால் 'இங்கே பெரிய அற்புதம் நடந்தது' என்று வருகிறது. தங்கை மகன் "இங்க என்ன நடந்துச்சு பெரியம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் சொல்லி முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை இணைப்பில் ஒரு திருத்தம் போடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படத்தின் கீழே 'அங்கே' என்பதை 'இங்கே' என்று மாற்றினாலே போதும். சிப்பாய் கதையை 'பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை' என்று எழுதிவிடலாம். படம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிற நீல டிரெய்டலை நான்கு முகமும் தெரிகிறமாதிரி எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் கிமெலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கால் இடது பக்கம் இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தக்கலை.